கால் எந்தப் பக்கம்?

நான் பையனாக இருந்தபோது காளப்பநாயக்கன்பட்டியில் கண்ணைச் சோதிக்க நாற்காலியும் வேண்டியதில்லை, டாக்டரும் வேண்டியதில்லை. ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, முறத்து அரிசியில் கல் தெரிகிறதா, முடிந்தது சோதனை. தெரியாதவர்கள் ஊசியையும் முறத்தையும் பேத்தி கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் பார்க்க வேண்டியது கொல்லிமலை ஒன்றுதான். ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிற மலையைப் பார்க்க எந்தக் கண்ணும் போதும். ஆண்களுக்குத் தேர்வு இன்னும் சுலபம். நாமக்கல் பக்கமிருந்து வருகிற பஸ் எந்த பஸ் என்று அது திரும்பும்போதே சொல்லிவிட வேண்டும். ஹாரனை வைத்துச் சொன்னவர்களும் பாஸ்.

என் கண்ணில் என்னவோ இருக்கிறது என்பது முதலில் தெரிந்தது அம்மாயிக்கு. மாசா மாசம் மூன்றாம் பிறை பார்க்க என்னை வாசலுக்கு இழுத்துப் போவாள். பார்த்தால் கண்ணுக்கு நல்லது, கையில் காசும் தங்கும். எனக்கு ஒரு பிறை தெரியாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரியும்; சற்றுத் தள்ளி மங்கலாக மூன்றாவது ஒன்றும் எட்டிப் பார்க்கும். சொன்னேன். “உனக்கு மட்டும் கூடச் சேத்துக் காட்டுது பாரு சாமி, நீ நல்லா இருப்பே” என்றாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே பிறைதான் தெரிந்தது. அவனைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தக் கூடுதல் பிறைக்கு ஆஸ்டிக்மாட்டிசம் என்று பேர். கண்ணாடிக் கடைக்காரர்கள் சுருக்கமாக ‘சிலிண்டர் இருக்கு’ என்பார்கள். கருவிழியின் முன்பரப்பு பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், ஒரு திசையில் கூடவும் ஒரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, இழுபடும். சிலிண்டரோடு வேறு சில்லறைக் குறைகளும் சேர்ந்துகொண்டால் ஒன்று பலவாகும். நிலாவுக்கு மட்டுமல்ல, நட்சத்திரத்துக்கும் இது பொருந்தும். நட்சத்திரத்துக்கு ஐந்து முனை வைத்து உலகம் முழுக்கக் குழந்தைகள் படம் போடுகிறார்கள். வானத்தில் இருப்பது முனையே இல்லாத வெறும் புள்ளி. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்சில் இழைகள் வந்து சேரும் தையல் கோடுகள் சில உண்டு. ஒளி அவற்றின் வழியே வரும்போதுதான் முனைகள் முளைக்கின்றன. கொடியிலும் சட்டையிலும் குத்திக்கொள்கிறோமே, அது நம் கண்ணின் குறைக்கு நாமே வரைந்த படம்.

இந்த இடத்தில் எங்கள் மலையின் பழைய ராஜாவைச் சொல்லாமல் போனால் ஊருக்குள் விடமாட்டார்கள். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அடித்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளியில் படித்தபோதே எனக்குச் சந்தேகம் அம்பின் மேல் வரவில்லை, கண்ணின் மேல்தான் வந்தது. கடைசி உடும்பு கிடந்தது புற்றுக்குள். அதை ஓரி பார்த்து அடித்தாரா, பன்றியைத் தாண்டிய அம்பு தானாகப் போய்ச் சேர்ந்ததா? பாட்டில் அந்த விவரம் இல்லை. புலவர்கள் பரிசு வாங்கப் போன இடத்தில் கண் பரிசோதனை செய்வதில்லை.

ஊருக்குள் முதன்முதலாகக் கண் பரிசோதனை வந்தது எங்கள் பள்ளிக்கூட வராந்தாவுக்கு. 1970களின் தொடக்கம். அப்போது நாங்கள் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். சேலத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் தூணில் ஓர் அட்டையை மாட்டினார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை. ஒரே எழுத்துதான், இங்கிலீஷ் ‘ஈ’. மூன்று காலை மேலே, கீழே, வலது, இடது என்று மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டு, வரி இறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே போகும். தலைப்பு எழுத்து கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் உயரம். நல்ல கண் அறுபது மீட்டரில் பார்த்துவிடும் அதை ஆறு மீட்டரில் நின்று பார்த்தால் 6/60. இந்தக் கணக்கை நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் ஸ்நெல்லன் என்ற டாக்டர் போட்டுக் கொடுத்தது 1862இல். நூறு வருஷம் கழித்து எங்கள் ஊர்த் தூணுக்கு வந்து சேர்ந்தது. சீக்கிரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“கால் எந்தப் பக்கம்?”

“மேல. கீழ. சோத்தாங்கைப் பக்கம். கீழ. பீச்சாங்கைப் பக்கம்.”

முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வரிசை நகர்ந்தது. பதினாறாம் வாய்ப்பாடு வராதவர்களுக்கும் இது வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஆறாம் வகுப்பு முழுவதும் 6/6. தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு மேல என்றவர்கள் எல்லாம் கண்ணாடி வரிசைக்கு அனுப்பப்பட்டார்கள். நானும் போனேன்.

அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. கண்ணாடி எழுதுகிறவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. டார்ச் மாதிரி ஒரு சாமானைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வெளிச்சத்தை அப்படியும் இப்படியும் லேசாக அசைத்தார். கண்மணிக்குள் சிவப்பாக ஒரு ஒளி எழும். இவர் அசைக்கும் பக்கமே அது போனால் ஒரு வகை லென்ஸ், எதிர்ப்பக்கம் போனால் வேறு வகை. எந்த லென்சை வைத்தால் அது எந்தப் பக்கமும் ஓடாமல் மொத்தமாக எரிந்து அணைகிறதோ, அங்கே நிறுத்தி, தான் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக ஒன்றரையைக் கழித்துக்கொள்வார். இதற்கு ரெட்டினாஸ்கோப் என்று பேர். குய்னே என்ற பிரெஞ்சு டாக்டர் 1873இல் ஆரம்பித்து வைத்தது. கைக்குழந்தைக்கும் பார்க்கலாம், ஊமைக்கும் பார்க்கலாம், அட்டையை மனப்பாடம் செய்த ஆறாம் வகுப்புக்கும் பார்க்கலாம். என் வாழ்க்கையில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னைப் பற்றிச் சரியாக எழுதிய முதல் ஆள் அவர்தான்.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: “இப்ப அட்டை தெரியுதா தம்பி? கால் எந்தப் பக்கம்?”

அம்மாயிக்கு அடுத்த வருஷம் புரை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால் புரையோடு கண்ணில் இருந்த லென்சையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் வேறு லென்ஸ் வைக்கும் வித்தையை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இலேயே செய்து காட்டிவிட்டார் என்றாலும் அது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. உள்ளே போனதற்கு ஈடாக வெளியே ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. பவர் பிளஸ் பத்து. அந்தக் கண்ணாடியில் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு, “பையன் நல்லா சதை போட்டுட்டான்” என்று எல்லோரிடமும் சொன்னாள். காப்பியை டம்ளருக்கு இந்தப் பக்கம் ஊற்றினாள். ஓரத்தில் வட்டமாக ஒன்றுமே தெரியாத பகுதி உண்டு என்பதால், பக்கத்தில் வருகிறவர்கள் திடீரென்று முளைத்தார்கள். எதற்கும் அவள் குறை சொல்லவில்லை. முறத்தை மட்டும் பேத்தியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஜெர்மன் மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே கண்ணை அக்குவேறு ஆணிவேறாக அளந்து பார்த்துவிட்டு, இத்தனை குறைகளோடு ஒருவன் தனக்கு ஒரு கருவி விற்க வந்தால் திட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிற தொனியில் சொன்னார். ஆனால் தன் கண்களைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சேர்த்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கக் கடை இல்லாதபோது எல்லோரும் இப்படித்தான் பெருந்தன்மையாகிவிடுகிறோம்.

கண்ணின் குறையை ஒழுங்காக அளந்தவர்களில் பாதிப் பேர் கண் டாக்டர்களே இல்லை, வானத்தைப் பார்த்தவர்கள். இங்கிலாந்தில் ஏரி என்ற வானியல்காரருக்கு இடது கண்ணில் ஒளிப்புள்ளி கோடாக இழுபட்டது. 1825இல் அதைத் தானே அளந்து, தனக்குத் தானே சிலிண்டர் கண்ணாடிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டார். 1900 வாக்கில் போட்ஸ்டாமில் பெரிய தொலைநோக்கி ஒன்று சரியாகக் காட்டவில்லை என்று ஹார்ட்மன் என்பவர் அதன் முன்னால் ஓட்டை ஓட்டையாகப் போட்ட தகட்டை வைத்து, எந்த ஓட்டை வழியாக வந்த ஒளி எங்கே விலகிப் போகிறது என்று குறித்தார். 1970 வாக்கில் அமெரிக்க விமானப்படைக்குத் தரையிலிருந்தே செயற்கைக்கோள்களைத் தெளிவாகப் படம் பிடிக்கும் ஆசை வந்தது. அரிசோனாவில் ரோலண்ட் ஷாக் ஓட்டைகளை எடுத்துவிட்டுப் பொடிப்பொடி லென்சுகளை வரிசையாகப் பதித்தார். அந்தச் சாமானைத் திருப்பி மனிதக் கண்ணைப் பார்க்க வைத்தது ஹைடல்பர்க்கில். 1994இல் லியாங்கும் பில்லேயும் மற்றவர்களும் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1961இல் ரஷ்யாவின் ஸ்மிர்னோவ் வேறு வழியில் ஒரு கண்ணின் எல்லாக் குறையையும் அளந்து காட்டியிருந்தார். ஒரு கண்ணுக்குக் கணக்குப் போட்டு முடிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. நோயாளிக்குச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

இப்போது அதற்கு ஆகிற நேரம், ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையில்.

போன மாசம் எனக்கும் புரை என்றார்கள். அம்மாயியின் வயதுக்கு நான் வந்துவிட்டேன் போலிருக்கிறது. டவுனில் ஏசி போட்ட ஆஸ்பத்திரி. பெயரெல்லாம் எதற்கு? என் பேத்தி வயதுப் பெண் ஒருத்தி முதல் மெஷினில் தாடையை வைக்கச் சொன்னாள். உள்ளே ஒரு நேரான சாலை, அதன் கோடியில் ஒரு பலூன். தமிழ்நாட்டில் கண்ணாடி போட்டவர்களில் பெரும்பாலோர் பார்த்திருக்கும் வெளிநாடு அந்த ஒரு சாலைதான். தூரத்தில் இருப்பதைப் பார்க்கிறோம் என்று கண் நம்பித் தளர்ந்துகொள்ளத்தான் அந்தப் பலூன். அதில் ஏறிப் பறந்தவர் யாரும் கிடையாது.

அடுத்த அறையில்தான் பெரிய மெஷின். “நெத்திய ஒட்டுங்க அய்யா. கண்ண நல்லாத் திறங்க. சிமிட்டாதீங்க... சிமிட்டாதீங்க... ஆச்சு.” நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிவப்பு ஒளியில் ஒரு புள்ளியை விழித்திரையில் வைக்கிறார்கள். அங்கே பட்டுத் திரும்பும் ஒளி லென்சையும் கருவிழியையும் கடந்து வெளியே வரும்போது வழியில் உள்ள எல்லாக் கோணலையும் சுமந்துகொண்டு வருகிறது. வெளியே வரிசையாகப் பதித்த பொடி லென்சுகள் அதை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்துவிடும். குறையே இல்லாத கண் என்றால் மார்கழி வாசலில் கை தேர்ந்தவள் வைத்த புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும். என்னுடையதைத் திரையில் பார்த்தேன். புள்ளி வைத்து முடித்த பிறகு அதன் மேல் கோழி நடந்திருந்தது.

எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதிலிருந்து கணக்குப் போட்டுக் கலர் கலராக ஒரு படம் அச்சடித்துத் தருகிறார்கள். பச்சை என்றால் சரி; சிவப்பும் நீலமும் மேடு பள்ளம். அளவெல்லாம் மைக்ரானில். தலைமுடி ஒன்றின் தடிமனே ஐம்பது, எழுபது மைக்ரான் இருக்கும். நல்ல கண்ணில்கூட, கண்மணி ஆறு மில்லிமீட்டர் விரிந்திருக்கும்போது, கண்ணாடியால் தீராத மிச்சக் குறை சுமாராக மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. என்னுடையது அதைவிடத் தாராளம். பிறைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த அந்த மூன்றாவது பிறைக்குத் தனி நம்பர், தனி நிறம், பெயரோடு ஒரு கட்டம். குறைகளை இப்படிப் பிரித்துப் பெயர் வைக்க உதவுகிற கணக்கு ஜெர்னிக்கே என்ற டச்சுக்காரருடையது. அவர் நோபல் பரிசு வாங்கியது 1953இல், மைக்ராஸ்கோப்புக்காக. அம்மாயி சாமி பேரில் எழுதிய கணக்கை இவர் பேரில் மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சிமிட்டிவிட்டு மறுபடி எடுத்தால் படம் லேசாக மாறுகிறது. கேட்டேன். கண்ணின் மேல் கண்ணீர் ஒரு படலமாக நிற்கிறது, சில வினாடியில் அது அங்கங்கே காயத் தொடங்கும், காய்ந்த இடத்தில் ஒளி வேறு மாதிரி வளையும் என்றாள் அந்தப் பெண். மைக்ரானில் பங்கு வரை அளக்கிற மெஷினை ஏமாற்றப் பெரிய வித்தை வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தால் போதும்.

இந்தப் படத்தைப் பங்காளி முறையில் எனக்கு அண்ணனாகிறவரிடம் காட்டினேன். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டி ஓய்ந்தவர். லைசென்சுக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா? ஆம் என்று எழுதியவர், எழுதியே ஓட்டியவர். புரை வந்ததும் இலவச முகாமில் சேர்ந்து, லென்ஸ் வைத்துக்கொண்டு, மறுநாள் பச்சைத் துணியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மதுரையில் அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான், நூறு டாலர் அளவில் இறக்குமதியான சாமான் பத்து டாலருக்கு இறங்கி, இவரைப் போன்றவர்களுக்குக் காசில்லாமல் வைக்கும் நிலை வந்தது.

படத்தைத் தலைகீழாகவும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். “எந்தக் கலருடா நல்லது?”

“பச்சைண்ணா.”

“அப்புறம் எதுக்கு இத்தனை சிவப்பு?”

“குறை அங்கதான் இருக்குதாம்.”

“இதைப் பாத்து அதை எடுத்துருவாங்களா?”

எடுக்கமாட்டார்கள் என்பதுதான் விஷயம். சிலிண்டரையும் சாதாரண பவரையும் கண்ணாடி சரி செய்யும். அதற்கு மேற்பட்ட நுண்குறைகளைக் கண்ணாடியில் செதுக்கிக் கொடுத்தாலும், கண் அதன் பின்னால் உருண்டுகொண்டே இருப்பதால் செதுக்கியது ஒரு பக்கம், குறை ஒரு பக்கமாகப் போய்விடும். கருவிழியிலேயே லேசரால் சீவிவிடலாம் என்று அமெரிக்காவில் 2002இல் அனுமதி கொடுத்தபோது, கழுகுப் பார்வை வரப்போகிறது என்று விளம்பரம் பறந்தது. பலருக்கு நல்ல பார்வை வந்தது, கழுகு வரவில்லை. சீவியதில் பழைய குறை குறைந்து, சீவியதாலேயே புதுக் குறை கொஞ்சம் சேர்வதும் உண்டு.

இன்னும் வேடிக்கை 2004இல் வந்த ஓர் ஆய்வு. ஸ்பெயினின் ஆர்தாலும் அமெரிக்காவின் வில்லியம்சும் கூட்டாளிகளும், வளைந்து கொடுக்கும் ஆடி ஒன்றை வைத்து, ஒருவருக்கு அவருடைய சொந்தக் கண் குறையையே காட்டினார்கள். பிறகு அதே அளவுக் குறையைச் சற்றுச் சுழற்றிக் காட்டினார்கள். குறையின் அளவில் மாற்றமில்லை, திசைதான் வேறு. சொந்தக் குறையோடு பார்த்தபோதுதான் எல்லாம் தெளிவாக இருந்தது. மூளை தன் வீட்டுக் கோணலுக்குப் பழகிக்கொள்கிறது. மெஷினுக்கு இந்தக் குடும்ப விவகாரம் தெரியாது. கண்ணிலிருந்து வெளியே வருகிற ஒளியை அது அளக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரிகிறது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

அதனால்தான் கலர்ப் படம் கையில் இருக்கும்போதே என்னைப் பழைய மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் பழைய மாதிரி இரும்புச் சட்டத்தை மாட்டி, பழைய மாதிரி லென்ஸ் பெட்டியைத் திறந்தார்கள். கைப்பிடி போட்ட ஒரு குட்டி லென்சை அந்தப் பெண் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

“இது ஒண்ணு... இது ரெண்டு. எது நல்லாருக்குங்க அய்யா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் கலங்கலா இருக்குது சாமி.”

“அப்ப சரியா வந்துட்டோம்” என்று எழுதிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சமமாகக் கலங்கினால்தான் நடுவில் நிற்கிறோம் என்று கணக்காம்.

அந்தப் பெரிய மெஷின் வகையிலேயே கையில் பிடித்துக்கொள்ளும் ஒன்றை அரவிந்த் ஆட்களும் அமெரிக்கக்காரர்களும் சேர்ந்து கிராமத்து ஜனங்களிடம் சோதித்து 2019இல் எழுதியிருக்கிறார்கள், 708 பேர். ஒவ்வொருவருக்கும் மெஷின் சொன்னபடி ஒரு கண்ணாடி, ஆளைக் கேட்டுக் கேட்டு எழுதியது ஒரு கண்ணாடி. பார்வையில் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். எது பிடித்தது என்று கேட்டபோது, கேட்டு எழுதிய கண்ணாடிப் பக்கம் ஆட்கள் சற்றுக் கூடுதல். ரெட்டினாஸ்கோப்போடு ஜீப்பில் எத்தனையோ ஊர் சுற்றியவர்களும் எட்டாத, டாக்டரே இல்லாத ஊர்களுக்கு இப்படியொரு மெஷின் போய்ச் சேரட்டும் என்பது நியாயமான ஆசை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் மெஷின் சொல்வதே மேல்.

கடைசியில் டாக்டர் படத்தைப் பார்த்தார். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கும் விலை கூடின லென்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்று மகன் போனில் கேட்கச் சொல்லியிருந்தான். “வேண்டாங்க. சிலிண்டர் போக மிச்சமிருக்கிற இந்தக் கோணல் கருவிழியில இருக்குது. உள்ள லென்ச மாத்தினாலும் இது போகாது. அந்த லென்ஸ் இதோட சேந்தா ராத்திரில லைட்டெல்லாம் வால் முளைச்ச மாதிரி தெரியும். சிலிண்டருக்கான சாதா லென்சே போதும்.” விலை உயர்ந்த மெஷின் அளந்து சொன்னது, விலை குறைந்ததை வாங்கு என்று. கீழே விலைப்பட்டியலோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அண்ணனோடு மலைக்குப் போய் வந்தேன், டாக்டரிடம் போய் வந்த அடுத்த வாரம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை. மொத்தம் எழுபது வளைவு. அவர் பலகை வருவதற்கு முன்பே நம்பரைச் சொல்லிக்கொண்டு வந்தார். மனப்பாடமா, தெரிந்து சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பலகையைத் தலைகீழாக மாட்டவும் முடியாது.

ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள். ஆடி கழியட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பதினெட்டாம் பெருக்கும் ஓரி விழாவும் முடிந்து ஆவணி பிறந்தால்தான் பேச்சு. அவசரம் ஒன்றுமில்லை என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அப்போது வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி அளக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். அளக்கட்டும்.